தொற்றுக்காலம் செவிலியர்களை வளர்த்ததா? ஒரு கேள்வியும் தொடர்ந்து வந்த குறிப்புகளும்

கேள்வி: 2024 பிப்ரவரி 6

ஒரு பயிற்சி வகுப்பில் பேச வந்தவர், கோவிட் வார்டில் வேலை பார்த்த நர்ஸ்கள் அந்த அனுபவத்தால் மனதளவில் வளர்ந்திருக்கிறார்கள், ஆய்வுகளே அப்படிச் சொல்கின்றன என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த சீனியர் சிஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. நான் 2022-இல் வேலைக்குச் சேர்ந்தவள், அந்த வார்டைப் பார்த்ததில்லை. இந்த வளர்ச்சி நிஜமா, இல்லை எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 6, இரவு

நான் அங்கே இருந்தேன், தீவிர சிகிச்சைப் பிரிவில். வளர்ச்சி நிஜம். உங்கள் சீனியர் எழுந்து போனதும் நியாயம். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பேச வந்தவர் சொன்னது காற்றில் இருந்து வந்ததல்ல. வட கரோலினாவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்று இரண்டு உளவியலாளர்கள். பெரிய இழப்பையோ அதிர்ச்சியையோ கடந்து வந்தவர்களில் சிலர், பழைய நிலைக்குத் திரும்பியதோடு நிற்காமல் வேறு மனிதர்களாகவே மாறியிருந்ததை அவர்கள் கவனித்தார்கள். அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி என்றார்கள். 1996-இல் அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 105. ஐந்து பக்கங்களை அது தொடுகிறது: மற்றவர்களோடு நெருக்கம், புதிய வழிகள், சொந்த பலம், வாழ்க்கையை மதித்தல், ஆன்மிக மாற்றம். செவிலியர்களைப் பற்றி வந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இந்தப் படிவமோ இதன் சுருக்கமோதான் இருக்கும்.

எனக்கும் அந்தப் படிவம் கொடுத்தார்கள். நெருக்கம் பற்றிய கேள்விகளில் தயங்காமல் 5 போட்டேன். நான் நினைத்ததைவிட எனக்குப் பலம் அதிகம் என்று கண்டுகொண்டேனா என்ற பொருளில் ஒரு கேள்வி உண்டு. அங்கே பேனா நின்றுவிட்டது. பலம் இருந்தது உண்மைதான். ஆனால் அதை நான் கண்டுகொள்ளவில்லை. என்னிடமிருந்து பிடுங்கி எடுத்தார்கள். அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

மீதியை நாளை எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 8

வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று அந்த இருவரும் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. கஷ்டம் யாரையும் நேரடியாக வளர்ப்பதில்லை என்கிறார்கள். உலகம் இப்படித்தான் இயங்கும் என்று நாம் உள்ளே கட்டி வைத்திருக்கும் நம்பிக்கைகள் இடிந்து போகின்றன. இடிந்த இடத்தில் திரும்ப எதையாவது கட்டியாக வேண்டும். அந்தக் கட்டும் வேலையில்தான் வளர்ச்சி வருகிறது, வந்தால்.

எனக்கு என்னென்ன இடிந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

சரியாகப் பராமரித்தால் நோயாளி தேறுவார் என்று நம்பியிருந்தேன். எல்லா நேரமும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும். அந்த வார்டில் ஒரு தவறும் செய்யாமல் ஒருவரை இழந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம். காலையில் செச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, குறைந்திருந்தும் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் வென்டிலேட்டரில் இருந்தார்.

சாகும்போது பக்கத்தில் சொந்தம் ஒருவராவது இருப்பார்கள் என்றும் நம்பியிருந்தேன். இது ஒரு நம்பிக்கை என்றே எனக்குத் தெரியாது, சுவர் மாதிரி எப்போதும் இருந்தது. போனை நோயாளியின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்முனையில் மகள் அழுவதை இரண்டு கையுறைகளையும் தாண்டி உணர்ந்துகொண்டு நின்றபோதுதான் அந்தச் சுவர் போய்விட்டது என்று புரிந்தது.

மூன்றாவது, நான் வேலை செய்யும் இடம் என்னைப் பாதுகாக்கும் என்பது. ஒருமுறை போட்டுவிட்டு எறிய வேண்டிய மாஸ்க்கை நாள்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தோம். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை.

இந்த மூன்றில் முதல் இரண்டின் இடத்தில் நான் வேறொன்று கட்டியிருக்கிறேன். மூன்றாவது இடம் இன்னும் காலிமனைதான்.

2024 பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

விட்டுப்போன ஒன்று. அந்த 21 கேள்விகளும் நல்ல மாற்றத்தை மட்டுமே கேட்கின்றன. எந்த நல்ல மாற்றமும் இல்லை என்றால் 0 போடலாம். ஆனால் மனிதர்கள்மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று சொல்ல அதில் கட்டமே கிடையாது. இந்தக் குறை தெரிந்துதான் 2008-இல் ஒரு குழு ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து 42 கேள்விகளாக விரித்தது. அதில் நெருக்கம் கூடியதா என்றும் கேட்பார்கள், குறைந்ததா என்றும் கேட்பார்கள். ஒரே ஆள் இரண்டுக்கும் ஆமாம் சொல்லலாம். நான் சொல்வேன். உடன் வேலை செய்தவர்களோடு நெருக்கம் கூடியது. அந்தக் காலத்தை வெறும் விடுமுறையாகக் கழித்த பழைய நண்பர்களோடு குறைந்தது. அவர்கள்மேல் தப்பில்லை.

2024 பிப்ரவரி 11

இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்படியானால் அந்தக் கஷ்டத்தில் ஒரு நன்மை இருந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் பேச்சு தடம் மாறுகிறது. வளர்ச்சி வந்தால் காயம் ஆறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கும். 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதிர்ச்சியின் அறிகுறிகளையும் வளர்ச்சியையும் சேர்த்து அளந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அறிகுறிகள் ஏற ஏற வளர்ச்சியும் ஓரளவு ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அறிகுறிகள் ஏறினால் வளர்ச்சி இறங்கிவிடுகிறது. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரியான வளைவு.

இதைப் படித்தபோது என் வார்டு ஆட்கள் எல்லோரும் அந்த வளைவில் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று கண்முன் தெரிந்தது. முதல் அலையில் சேர்ந்து மாற்றி மாற்றி ஓய்வு கிடைத்தவர்கள் இடது பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அலையில் விடுப்பே இல்லாமல் ஓடியவர்கள் உச்சியைத் தாண்டி வலது பக்கம் சரிந்துகொண்டிருந்தார்கள். ஆளின் குணம் அப்படியொன்றும் வேறாக இல்லை. ஷிஃப்ட் பட்டியல் வேறு.

கோவிடுக்கு முன்பு வந்த சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோயின் காலத்தில் இதை ஓரளவு பார்த்தாகிவிட்டது. 2003-இல் கனடாவின் டொரன்டோ மருத்துவமனைகளில் அந்த நோய் புகுந்தது. அது முடிந்து 13 முதல் 26 மாதம் கழித்து, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த டொரன்டோ மருத்துவமனைகளின் பணியாளர்களையும், பார்க்காத ஹாமில்டன் மருத்துவமனைகளின் பணியாளர்களையும் ஒப்பிட்டார்கள், மொத்தம் 769 பேர். டொரன்டோக்காரர்களிடம் பணிச்சோர்வும் மனத்துயரமும் கூடுதலாக இருந்தன. நோயாளிகளோடு இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்களும் அவர்களில் அதிகம். ஆனால் போதுமான பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்கள் நன்றாக இருந்தார்கள்.

அந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. 2020-க்குப் பதினான்கு வருடம் முன்னால்.

2024 பிப்ரவரி 12

மேலே எழுதியதைப் படித்த ஒரு நண்பர், நீ வளர்ச்சியை நம்புகிறாயா இல்லையா என்று கேட்டார். நம்புகிறேன். என் கண்ணால் பார்த்தவர்களைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ரவுண்ட்ஸில் வாயே திறக்காத ஒரு ஜூனியர். டாக்டர் சொன்ன மருந்தளவு தவறாகத் தெரிந்தாலும் என்னைத்தான் வந்து பார்ப்பாள், என் மூலம்தான் கேட்பாள். இன்று அவள் கட்டில் பக்கத்திலேயே நின்று, "கொஞ்சம் பொறுங்கள், இவருடைய கிரியாட்டினின் காலையில் ஏறியிருக்கிறது" என்கிறாள். சிறுநீரகம் தளர்கிறது என்பதற்கான அடையாளம் அது. குரலில் நடுக்கம் இல்லை. எப்படி வந்தது இது என்று கேட்டேன். அந்த வார்டில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இன்னொருவர் பல வருடம் அறுவை அரங்கில் இருந்தவர். நோயாளி மயக்கத்தில்தான் இருப்பார், பேச்சே தேவையில்லை, அதுதான் எனக்கு ஒத்துவருகிறது என்பார். தொற்றுக்காலத்தில் அவரைக் கோவிட் வார்டுக்கு மாற்றினார்கள். இப்போது அவராகவே கேட்டு வலி தணிப்புப் பராமரிப்புக்குப் போயிருக்கிறார். பேச்சும் ஒரு மருந்தாக இருக்கும் இடம்.

மூன்றாமவர் வேலையை விட்டுவிட்டார். இதையும் நான் வளர்ச்சிக் கணக்கில்தான் எழுதுவேன். மருத்துவமனைகள் எழுதமாட்டா, அவர்கள் பார்வையில் அது ஆள் இழப்பு. ஆனால் அந்தப் பெண் தன் முன்னுரிமைகளை உட்கார்ந்து யோசித்து, தன் உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டு, தலை நிமிர்ந்து போனாள். புதிய வழி என்று அந்தப் படிவம் கேட்பது இதைத்தானே?

2024 பிப்ரவரி 12, இரவு

ஒன்று சேர்க்க வேண்டும். விட்டுப்போனவர்கள் எல்லோரும் இப்படிப் போகவில்லை. உடைந்து போனவர்களும் உண்டு. அவர்களையும் வளர்ந்தவர்கள் பட்டியலில் போட்டுவிட யாருக்கும் உரிமையில்லை, எனக்கும்தான்.

2024 பிப்ரவரி 17

இன்று டியூட்டி முடிந்து வரும்போது யோசித்தது. வளர்ந்தோம் என்று நாமே சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

2009-இல் பட்ரீஷியா ஃப்ரேஸியர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு நல்ல வேலை செய்தார்கள். கல்லூரி மாணவர்களை முதலில் அளந்து வைத்தார்கள். சில வாரங்கள் கழித்துத் திரும்ப அளந்தார்கள். இடையில் சிலருக்கு நிஜமாகவே பெரிய அதிர்ச்சி நேர்ந்திருந்தது. நான் வளர்ந்தேன் என்று அவர்கள் படிவத்தில் சொன்னதும், முன்னளவுக்கும் பின்னளவுக்கும் இடையில் நிஜமாக வந்த மாற்றமும் பெரும்பாலும் பொருந்தவில்லை. இன்னொன்று: வளர்ந்ததாக உணர்ந்தவர்களிடம் மனத்துயரம் கூடியிருந்தது, நிஜமாக மாறியவர்களிடம் குறைந்திருந்தது.

நாங்கள் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர்கள், அதனால் எனக்கு இது உடனே விளங்கியது. ஆழமான புண்ணை மேலே மூடவிடமாட்டோம். உள்ளே துணி வைத்து, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும்வரை திறந்தே வைப்போம். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே சீழ் பிடிக்கும். "நான் ரொம்ப பலசாலி ஆகிவிட்டேன்" என்று சீக்கிரம் சொன்ன சிலரைப் பற்றி எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது.

அதற்காக, அப்படிச் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எழுதமாட்டேன். அடுத்த ஷிஃப்டுக்கு எழுந்து போக அந்த வார்த்தை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளைச் சேர்ந்த மேர்க்கர், ஸோல்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வளர்ச்சிக்கு இரண்டு முகம் என்றார்கள். ஒன்று நிஜமாக மாற்றுவது, மற்றது தற்காலிகமாகத் தாங்கிப்பிடிப்பது. தாங்கிப்பிடிப்பதும் ஒரு வேலைதான். அது மட்டுமே இருந்து, அடியில் எதுவும் நடக்காமல் போனால்தான் ஆபத்து.

எப்படிப் பிரித்தறிவது? ஸ்டீவன் ஹாப்ஃபால் என்ற உளவியலாளர் செயலைப் பார்க்கச் சொல்கிறார். சிந்தனையில் மட்டும் இருக்கும் வளர்ச்சியைவிட, நடத்தையாக மாறிய வளர்ச்சியைத்தான் அவர் கணக்கில் எடுக்கிறார். நானும் அந்தப் பக்கம்தான். என்னிடம் யாராவது இதைப் பற்றிப் பேசினால், இப்போது நீ எதை வேறு மாதிரி செய்கிறாய் என்றுதான் கேட்பேன்.

என்னையே கேட்டுக்கொண்டதற்குப் பதில்: நிலைமை மோசமானால் குடும்பத்துக்கு நானே போன் செய்கிறேன், டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. நோயறிதலையோ சிகிச்சை முடிவையோ சொல்வதில்லை, அது என் வேலையில்லை. "உங்கள் அம்மா பக்கத்தில் இருக்கிறேன், மூச்சு வாங்குகிறது, நீங்கள் பேசினால் காதில் வைக்கிறேன்" என்பது என் வேலை. முன்பு இது என் வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2024 பிப்ரவரி 19

ஒருவர் கேட்டது: கைதட்டினார்கள், தெய்வம் என்றார்கள், அது உதவவில்லையா?

முதல் சில வாரங்கள் உதவியது. அழுதிருக்கிறேன்கூட. பிறகு அது ஒரு பாரமாகிவிட்டது. தெய்வத்துக்குக் களைப்பு வராது, பயம் வராது, சம்பளம் பற்றிப் பேச்சு எழாது. 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகம் முழுக்க ஏறத்தாழ 1,15,500 சுகாதாரப் பணியாளர்கள் கோவிடால் இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. குறைந்தது 80,000, அதிகபட்சம் 1,80,000. அவர்கள் எல்லோரும் மனிதர்களாக இறந்தார்கள்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம் ஆனதை ஒட்டி 2020-ஐச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆண்டாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அதே ஆண்டு வந்த உலக அறிக்கை, உலகில் 2.79 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள், இன்னும் 59 லட்சம் பேர் வேண்டும் என்றது. அந்த 59 லட்சம் பேர் செய்திருக்க வேண்டிய வேலையையும் இருந்தவர்கள்தான் செய்தார்கள். எங்கள் மனபலத்தைப் பாராட்டும் ஒவ்வொருவரும் இந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாராட்ட வேண்டும் என்பது என் ஆசை.

2024 பிப்ரவரி 25

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் யார் யாரென்றே தெரியாது. நெஞ்சில் மார்க்கரால் பேர் எழுதிக்கொள்வோம். ஒருத்தி பேருக்குக் கீழே தினமும் ஒரு பூ வரைந்துகொண்டு வருவாள். ஒருநாள் அவசரத்தில் வரையாமல் வந்துவிட்டாள். ஆக்சிஜனில் இருந்த ஒரு பெரியவர், பேசவே சிரமப்படுபவர், அவள் நெஞ்சைக் காட்டிப் பூ எங்கே என்று கையால் கேட்டார். வார்டே சிரித்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டார், நல்லபடியாக.

பிறகு வெளிநோயாளி பிரிவுக்கு வந்தபோது எங்கள் யாரையும் முகம் பார்த்து அவருக்குத் தெரியவில்லை, எப்படித் தெரியும்? அவள் பேசியதும் திரும்பினார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

மற்றவர்களோடு நெருக்கம் என்ற பக்கத்தில் ஏன் எல்லோரும் கூடுதல் மதிப்பெண் போடுகிறோம் என்றால் இதனால்தான். குப்புறப் படுக்க வைக்க ஒரு நோயாளியை ஐந்தாறு பேர் சேர்ந்து திருப்புவோம். தலைப்பக்கம் நிற்பவர் மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார், மூன்று என்றதும் எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், வார்டு உதவியாளர் என்று பார்க்க நேரமில்லை. அந்த எண்ணிக்கைக்குள் யாரும் பெரியவர் சிறியவர் இல்லை. அதை ஒருமுறை அனுபவித்தவர்களுக்குப் பழைய படிநிலைக்குத் திரும்புவது கஷ்டம். எங்களில் பலர் திரும்பவும் இல்லை.

2024 மார்ச் 2

கேள்வி கேட்ட தங்கைக்கு. அந்த சீனியர் இப்போதும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நான் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் ஏன் எழுந்து போனார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி எழுந்து போனவர்கள் சிலரோடு பேசியிருக்கிறேன். பயமோ சோர்வோ அவர்களுக்குப் பெரிதாக இல்லை. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போனதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. 1984-இலேயே ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது இதை அறத்துயரம் என்ற பொருளில் தனியாகப் பிரித்துக் காட்டினார்: எது சரி என்று தெரியும், அதைச் செய்யவிடாமல் இடமும் ஆள்பற்றாக்குறையும் விதியும் தடுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கட்டிலில் அலாரம் அடிக்கிறது, நீங்கள் ஒருவர்தான். எந்தக் கட்டிலுக்குப் போனாலும் போகாத கட்டில் உங்களோடு வீட்டுக்கு வரும்.

அப்படி இருப்பவரிடம் உன் அனுபவம் உன்னை வளர்த்தது என்றால், அந்தப் போகாத கட்டிலில் இருந்தவரை விலையாகக் கொடுத்து நீ இதை வாங்கினாய் என்றுதான் அவர் காதில் விழும். வேறு யாருடைய மரணமோ தன் வளர்ச்சிக்குப் படிக்கட்டு ஆனது என்பதை எந்த நல்ல நர்ஸ் ஏற்பாள்?

அதனால் அவரிடம் வளர்ச்சி பற்றிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் சொல்லட்டும். அப்புறம், என்ன நடந்தது என்று விவரமும் கேட்காதீர்கள். அவரோடு ஒரு நைட் டியூட்டி போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு வேலையை, மூச்சுக்குழாய் சளி எடுப்பதோ கட்டு மாற்றுவதோ, எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். கைகள் வேலையில் இருக்கும்போது வாய் திறப்பவர்கள் எங்களில் அதிகம். தூக்கம் இல்லாமலோ, திடீரென்று அந்த வார்டுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்ட மாதிரியோ இருப்பதாக அவர் சொன்னால், மனநல மருத்துவரைப் பார்க்கக் கூடவே போங்கள். அது சிகிச்சை தேவைப்படும் நிலை, அதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. நீங்களே கேட்டு முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

2024 மார்ச் 3

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. "அப்படியானால் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டிப் பேசவைத்துவிடலாமே?" என்று ஒரு மேலாளர் தனியாகக் கேட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் கேட்கிறார்.

அவசரம் வேண்டாம். அதிர்ச்சி நடந்த உடனே ஆளைக் கூப்பிட்டு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. 2002-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பின்னால் வரும் மனக்கோளாறை அது தடுக்கவில்லை. கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும் என்றே சொன்னார்கள். மனம் எப்போது திறக்க வேண்டும் என்பதை மனம்தான் தீர்மானிக்கிறது.

நினைவு இரண்டு விதமாக வரும் என்று டெடெஸ்கியும் கல்ஹூனும் சொல்வதை இங்கே வைத்துப் பாருங்கள். கூப்பிடாமல் வந்து மேலே விழுவது ஒன்று. நாமாக எடுத்து வைத்து அசைபோடுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் அலைக்கழிக்கும். இரண்டாவதுதான் வளர்ச்சியோடு சேர்ந்து வருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தூக்கம் வேண்டும், பாதுகாப்பான நேரம் வேண்டும், திருத்தாமல் கேட்கும் ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றையும் ஷிஃப்ட் பட்டியல் போடுபவரால் கொடுக்க முடியும். முதலில் அதைக் கொடுங்கள்.

கூடிப் பேசும் ஏற்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்டனில் 1997-இல் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். நுரையீரல் புற்றுநோயில் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்பவர், தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் அன்பு தனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அவர் பேரில் நடப்பது. அங்கே மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை யாரும் வரலாம். சிலர் ஒரு நோயாளியைப் பற்றித் தங்களுக்குள் என்ன நடந்தது என்று சொல்வார்கள். யாரும் தீர்வு சொல்லக்கூடாது, யார் தவறு என்று பார்க்கக்கூடாது. வழக்கமாக நடக்கும், வர விரும்பாதவர் வரவேண்டாம். இந்த இரண்டும்தான் முக்கியம்.

2024 மார்ச் 10

எழுதினால் உதவுமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: பலருக்கு உதவும். 1986-இல் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களைப் பாதித்த விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதியவுடன் மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. எழுதும்போது அளவுக்கு மீறிக் கலங்கினால் நிறுத்திவிட்டு வேறு விஷயம் எழுதுங்கள் என்பது அவர் பிற்பாடு சொன்ன அறிவுரை, எனக்கும் அது சரியாகப் பட்டது. நான் நோயாளிகளுக்குக் கடிதமாக எழுதினேன். யாருக்கும் அனுப்பவில்லை.

2024 மார்ச் 16

ஆன்மிக மாற்றம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று இருவர் கவனித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன்.

எங்கள் வார்டில் நம்பிக்கை ஆழமானவர்களும் உண்டு, அதே வார்டில் நம்பிக்கையை இழந்தவர்களும் உண்டு. இழந்த ஒருவர் சொன்னார், இப்போது நான் எதையும் மேலே இருப்பவரிடம் தள்ளிவிடுவதில்லை, அதனால் கவனமாக இருக்கிறேன் என்று. அந்தப் பழைய படிவத்தில் இவருக்கு 0 விழும். 2017-இல் அதைத் திருத்தியபோது இந்தப் பக்கத்தில் நான்கு கேள்விகள் சேர்த்து 25 ஆக்கினார்கள். மதம் சாராமல், வாழ்வு சாவு பற்றிய பெரிய கேள்விகளோடு ஒருவர் எப்படி நிற்கிறார் என்பதையும் அது கேட்கிறது. அவருக்கு அதில் இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு? இறந்தவரின் கண்ணை மூடிவிட்டு ஒரு நொடி அசையாமல் நிற்கிறேன். முன்பும் நின்றிருக்கிறேன், கடமையாக. இப்போது அந்த நொடியை யாரும் என்னிடமிருந்து அவசரப்படுத்தி எடுக்கவிடுவதில்லை. இதற்கு மேல் இதை விளக்க வரவில்லை.

2024 ஏப்ரல் 1

முதுகலைச் செவிலியப் படிப்பில் இருக்கும் ஒருவர், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கிறேன், படிவம் கொடுக்க எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எடுங்கள், சந்தோஷம். பதில் சொல்லும் பக்கத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

21 கேள்வியோடு நிற்காமல் இழப்பையும் கேட்கும் படிவத்தைக் கொடுங்கள். கூடவே அதிர்ச்சி அறிகுறிகளையும் பணிச்சோர்வையும் அளங்கள். வளர்ச்சியை மட்டும் அளந்து வரும் எண்ணை நிர்வாகம் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தும். ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், ஓய்வு கிடைத்ததா, பாதுகாப்பு உடை போதுமா என்பதையும் கேளுங்கள். இவற்றைக் கேட்காமல் ஆளின் குணத்தை மட்டும் கேட்கும் ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன.

உலகச் சுகாதார அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது 2023 மே 5. அதற்கு முன் எடுத்த அளவு எல்லாம் ஓடிக்கொண்டிருப்பவரின் நாடி. இப்போது எடுப்பது வேறு. முடிந்தால் அதே ஆட்களை ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

படிவத்தைத் தலைமைச் செவிலியர் கையால் கொடுக்கவைக்காதீர்கள். மேலதிகாரி கொடுத்தால் எல்லோரும் நன்றாக வளர்ந்திருப்பார்கள். நைட் டியூட்டி முடிந்த கையோடு கொடுக்கவும் வேண்டாம். பெயர் கேட்காதீர்கள். கடைசிப் பக்கத்தில், பேச ஆள் வேண்டுமென்றால் எங்கே போகலாம் என்று எழுதி வையுங்கள், அந்த எண்ணை நீங்களே முதலில் அழைத்து யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

அப்புறம் வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிப் பிடியுங்கள். வார்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் தாக்குப்பிடித்தவர்களின் கதைதான் கிடைக்கும். எனக்குத் தெரிந்த சிலர் பேச ஒப்புக்கொள்வார்கள், அவர்களிடம் முதலில் நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.